மருந்து அறையில் இருக்கும் நைட்ரஜன்

நீங்க இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். எதோடும் லேசில் சேராத நைட்ரஜன் இவ்வளவு கலந்திருப்பதால்தான் வீட்டு அடுப்பு நிதானமா எரியுது.

சிவகாசி பட்டாசு ஆலையின் மருந்து அறையில் கதையே வேற. வெடியுப்பில், அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டில், ஒரு நைட்ரஜன் அணு மூன்று ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும். சூடு பட்டதும் அந்த ஆக்சிஜன் கரியையும் கந்தகத்தையும் எரிக்கும்; நைட்ரஜன் வாயுவாகிக் காற்றுக்கே திரும்பிடும். மருந்து எரிய வெளிக்காற்று வேண்டாம். சாக்கு போட்டு மூடினாலும் அணையாது!

விருதுநகர் மாவட்டத்தில் உங்க வீட்டிலிருந்து யாராவது பட்டாசு வேலைக்குப் போறாங்களா? மருந்தில் பொறி தெரிஞ்சா அணைக்க நிற்காம, பக்கத்து வாசல் வழியா ஓடச் சொல்லுங்க. செல்போன் அறைக்கு வெளியேதான் இருக்கணும்; ஓடி வந்த பிறகு 112-ஐ அழைக்க அது உதவும்.