பிந்திக் கற்றவர்கள் எழுதிய தச்சுப் புத்தகங்கள்

தச்சுவேலை பற்றிய புத்தகத்தைப் பிள்ளைக்கோ தனக்கோ வாங்க நினைப்பவர் வழக்கமாக இரண்டைப் பார்க்கிறார்: எழுதியவர் பெரிய தச்சரா, படங்கள் தெளிவாக இருக்கின்றனவா? இத்துறைப் புத்தகங்களைத் தொடர்ந்து வாசித்ததில் எனக்குப் பயன்பட்ட கேள்வி வேறு: எழுதியவர் இந்தத் தொழிலுக்கு எந்த வயதில், எங்கிருந்து வந்தார்? தகப்பனின் பட்டறையில் வளர்ந்தவருக்கு உளியின் கோணம் கைப்பழக்கமாகவே வந்துவிடுகிறது. ஏன் அந்தக் கோணம் என்று அவர் யாரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. வளர்ந்தபின் வெளியிலிருந்து நுழைந்தவரோ ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் கற்றாக வேண்டும். அந்தக் கேள்விகள் அவர் எழுதும் புத்தகத்துக்குள்ளும் வந்துவிடுகின்றன. வாசகருக்கு வேண்டியது அவைதான்.

இதற்கு நான் முதலில் காட்டுவது ஜார்ஜ் ஸ்டர்ட் எழுதி 1923இல் வெளிவந்த ‘தி வீல்ரைட்ஸ் ஷாப்’. இங்கிலாந்தின் ஃபார்ன்ஹாமில் பள்ளி ஆசிரியராக இருந்த ஸ்டர்ட்டுக்கு 1884இல் தந்தையின் வண்டிப் பட்டறையை ஏற்று நடத்த வேண்டிவந்தது. முதலாளி அவர், வேலை தெரிந்தவர்களோ அவரிடம் கூலிக்கு இருந்தவர்கள். குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என்று மரத்தைப் பிரிப்பதையும், ஆரக்காலை அறுக்காமல் பிளந்தே எடுப்பதையும் அவர்களிடம்தான் கற்றார். பிளந்தால் மரத்தின் ரேகை முனைக்கு முனை அறுபடாமல் ஓடும், சுமையைத் தாங்கும். சக்கரம் தட்டையாக இராமல் ஒரு பக்கம் குழிந்திருப்பது ஏன் என்பது அவருக்கு நெடுநாள் பிடிபடவில்லை. குதிரை நடக்கும்போது வண்டியும் சுமையும் இருபுறமும் மாறிமாறி அசைகின்றன, அந்தப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கத்தான் அந்தக் குழிவு என்று பின்னால் கண்டுகொண்டார். பட்டறை ஆட்கள் தலைமுறைகளாகச் சரியாகவே செய்துவந்த ஒன்றுக்குக் காரணம் தேடியவர், செய்யத் தெரியாமல் வந்த ஆசிரியர்.

இவர் ஒருவர்தானா என்றால், இல்லை. 1678இல் லண்டனில் மாதப் பகுதிகளாக வெளிவரத் தொடங்கிய ‘மெக்கானிக் எக்ஸர்சைசஸ்’ ஆங்கிலத்தில் தச்சை விளக்கிய முன்னோடி நூல். அதை எழுதிய ஜோசப் மாக்சன் பூகோள உருண்டைகளும் வரைபடங்களும் செய்து விற்றவர், அச்சாளர். ‘எ கேபினட்மேக்கர்ஸ் நோட்புக்’ (1976) எழுதிய ஜேம்ஸ் கிரெனோவ் ஸ்வீடனில் கார்ல் மால்ம்ஸ்டன் பள்ளியில் தச்சு பயிலச் சேர்ந்தபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். ‘தி சோல் ஆஃப் எ ட்ரீ’ (1981) எழுதிய ஜார்ஜ் நகஷிமா கட்டடக் கலைஞர். 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை உடனிருந்து கவனித்தவர். ஜப்பானிய மரபில் தேர்ந்த ஒரு தச்சரிடம் அவர் நுணுக்கமாகப் பயின்றது அதற்கும் பிறகுதான், இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த மினிடோகா முகாமில்.

குழந்தைகளுக்கான புத்தகத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும், ஏனென்றால் குழந்தையும் வெளியிலிருந்து வருபவர்தான். 1839இல் லண்டனில் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த ‘தி ஜாய்னர் அண்ட் கேபினட் மேக்கர்’ என்ற சிறு நூலில் தாமஸ் என்ற சிறுவன் பட்டறையில் சேர்கிறான். முதலில் இடத்தைக் கூட்டுகிறான், பசைச் சட்டியைக் கவனிக்கிறான். பிறகு ஆணியடித்த சரக்குப் பெட்டி, அடுத்து புறாவால் பொருத்து வைத்த பள்ளிப் பெட்டி, முடிவில் இழுப்பறை அலமாரி. முந்தைய வேலையில் கற்றது அடுத்ததற்கு உதவும்படி வரிசை அமைந்திருக்கிறது. சிறுவர்களுக்கென எழுதப்பட்ட இந்நூல் 2009இல் மறுபதிப்பு கண்டபோது பெரியவர்களே விரும்பி வாங்கினார்கள். குழந்தைக்காகச் சுருக்கவோ பெரியவருக்காகச் சிக்கலாக்கவோ தேவையில்லை, காரணத்தோடு சொன்னால் இருவருக்கும் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘பினோக்கியோ’வில் (1883) தச்சர் வருகிறார், மரக்கட்டை அழவும் சிரிக்கவும் செய்கிறது. கதையாக அது அருமை. ஆனால் தச்சைக் கற்கும் ஆசையோடு வரும் பிள்ளைக்கு அதைமட்டும் கொடுத்தால் ஆசை நிறைவேறாது.

பரம்பரைத் தச்சர்கள் நல்ல புத்தகம் தரவில்லையா என்று கேட்கலாம். தந்திருக்கிறார்கள். ஜப்பானின் ஹோர்யூஜி கோயில் தச்சரான நிஷியோகா சுனெகசு (1908–1995) தலைமுறைத் தொழிலில் வந்தவர். மலையின் தென்சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தென்புறத்தில் வை என்பது போன்ற வாய்மொழி விதிகள் அவர் வழியாகத்தான் பொதுவாசகரை எட்டின. ஆனால் அவரது புகழ்பெற்ற நூல்கள் அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்டு எழுதியவை. அங்கேயும் கேள்வி கேட்க ஒரு வெளியாள் தேவைப்பட்டார். நார்வேயின் ஓலே தோர்ஸ்டென்சன் முழுநேரத் தச்சர், தாமே எழுதினார். ஆஸ்லோவில் ஒரு வீட்டின் மேல்தளத்தைக் குடியிருப்பாக மாற்றிய வேலையைச் சொல்லும் அவர் நூல் 2015இல் வந்தது. வேலை கொடுத்த வீட்டுக்காரருக்கு விளங்கவைப்பதுபோல் எழுதியதால் அது வெற்றிபெறுகிறது. வெளியாட்களிடம் ஒரு குறையும் உண்டு: மரத்தைப் பற்றி உருகிவிடுவார்கள். ஆகவே கூலி, விலை, செலவு பற்றி நூல் பேசுகிறதா என்றும் பாருங்கள். தோர்ஸ்டென்சன் விலைப்புள்ளியிலிருந்தே தொடங்குகிறார். தம் பட்டறையில் ஒரு வண்டிக்கு என்ன செலவாகிறது என்றே யாருக்கும் சரியாகத் தெரியாது என ஸ்டர்ட்டும் ஒப்புக்கொள்கிறார்.

காணொளி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. இழைப்புளியைப் பிடிக்கும் விதத்தையும் வாளின் சாய்வையும் காணொளி நன்றாகவே காட்டுகிறது, அதில் புத்தகம் போட்டியிட முடியாது. மரத்துக்குள் மாதக்கணக்கில் நடப்பதைக் காட்டுவதுதான் அதற்குக் கடினம். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். சித்திரையில் இறுக்கமாகப் பொருத்திய இழுப்பறை ஐப்பசியில் திறக்க மறுப்பது இதனால்தான். இந்த ஒரு விதியை விளக்காத பெரியவர் நூலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஓக்கும் செர்ரியும் நமக்கு ஏது என்பவர்களுக்கும் இதுவே பதில்: தேக்கு, வேம்பு, பூவரசு எதற்கும் விதி ஒன்றுதான், அளவு மட்டும் வேறுபடும்.

தமிழ்நாட்டில் எழும் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. குழந்தைக்குத் தச்சு என்றதும் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நினைவுக்கு வரும். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற அது குலக்கல்வி என எதிர்க்கப்பட்டு, காமராஜர் முதல்வரான 1954இல் கைவிடப்பட்டது. எதிர்த்தது சரி, தகப்பன் தொழிலையே பிள்ளையின் விதியாக்கும் ஏற்பாடு அது. ஆனால் தச்சுப் புத்தகம் செய்வது நேரெதிரான வேலை. ஒரு குடும்பத்துக்குள் கைமாறிவந்த அறிவை, எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் எடுத்துப் படிக்கும்படி பொதுவில் வைக்கிறது. தச்சரின் மகள் பொறியியல் படிக்கவும், கணக்கரின் மகன் உளி பிடிக்கவும் வழி இருந்தால்தான் இரண்டும் தொழிலாகும்.

எனவே கடையில் ஒரு தச்சுப் புத்தகத்தைப் புரட்டும்போது இவற்றைச் சோதியுங்கள். பொருத்து வெட்டும் பக்கத்தைத் திறந்து, எந்தப் பக்கத்தை ஆதாரமாக வைத்துக் கோடு போடுவது, கோட்டைத் தாண்டி வெட்டினால் என்ன ஆகும் என்று சொல்கிறதா பாருங்கள். குழந்தை நூல் என்றால் முடிவில் வரும் பொருள் குழந்தை தானே பயன்படுத்தக் கூடியதாக இருக்கட்டும். கருவி ஆபத்தானது என்ற எச்சரிக்கை மட்டும் போதாது, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் விதமும் உளியின் முன்னால் மறுகை இருக்கக் கூடாது என்ற விதியும் படத்தோடு இருக்க வேண்டும். முதல் வேலைக்கு விலையுயர்ந்த மரம் கேட்கும் நூலைத் தள்ளிவையுங்கள், சரக்குப் பெட்டியில் வரும் பைன் பலகை போதும். தமிழில் எழுத முன்வருபவருக்கும் ஒன்று: வேலை தெரியாது என்று தயங்க வேண்டாம். ஒரு தச்சரின் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது ஏன்?’ என்று சலிக்காமல் கேட்கும் பொறுமை இருந்தால், எழுதும் தகுதியில் பெரும்பகுதி வந்துவிட்டது.