எல்லாப் பதவியும் எனக்கே: யார் இந்த 'பூபா'?

கேள்வி: ஆங்கிலப் பத்திரிகைகளில், பந்தா காட்டும் பெரிய மனிதர்களை 'கிராண்ட் பூபா' என்று கிண்டலடிக்கிறார்களே, இது எந்த நாட்டிலாவது உண்மையிலேயே இருந்த பட்டமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, நாடக மேடையில் பிறந்த பட்டம் இது. 1885 மார்ச் 14 அன்று லண்டன் சவாய் அரங்கில் 'தி மிகாடோ' என்ற இசை நாடகம் அரங்கேறியது. எழுதியவர் டபிள்யூ.எஸ்.கில்பர்ட், இசை ஆர்தர் சல்லிவன். முதல் சுற்றிலேயே 672 காட்சிகள் ஓடிய அந்த நாடகத்தின் பாத்திரம்தான் பூ-பா.

கதை நடப்பது ஜப்பானில், டிட்டிப்பு என்ற கற்பனை ஊரில். கோ-கோ என்ற தையல்காரர் திடீரென்று மரண தண்டனை நிறைவேற்றும் உயர் அதிகாரி ஆகிவிடுகிறார். 'போயும் போயும் ஒரு தையல்காரனுக்குக் கீழேயா?' என்று மற்ற அதிகாரிகள் கூண்டோடு ராஜினாமா செய்கிறார்கள். உலகில் முதல் உயிர் தோன்றியபோதே தன் வம்சமும் தோன்றிவிட்டதாகப் பீற்றிக்கொள்ளும் பூ-பா மட்டும், கர்வத்தை அடக்கப் பழகுவதாகச் சொல்லி, காலியான பதவிகள் அனைத்தையும் ஏற்கிறார். சம்பளங்களையும்தான்!

கோ-கோ தன் திருமணச் செலவுக்கு யோசனை கேட்கும் காட்சி இன்றும் சிரிக்க வைக்கும். அந்தரங்கச் செயலாளராக, "ஊர்ப் பணம்தானே, தாராளமாகச் செலவழியுங்கள்" என்கிறார் பூ-பா. நிதியமைச்சராக, சிக்கனம் தேவை என்கிறார். கணக்கில் கை வைத்துத் தணிக்கையாளரான தன்னையே ஏமாற்றலாம். ஆனால் பேராயராகத் தன் மோசடியைத் தானே கண்டித்து, காவல்துறைத் தலைவரான தன்னிடமே சரணடைய வேண்டியிருக்கும்! நல்ல லஞ்சம் கொடுத்தால் இத்தனை பேரும் வழிக்கு வருவார்கள் என்பதையும் மறைப்பதில்லை. ஜப்பானிய உடை வெறும் வேஷம். கில்பர்ட் குறிவைத்தது பிரிட்டிஷ் அதிகார வர்க்கத்தை.

நாடகத்தில் அவர் வெறும் பூ-பாதான். 'கிராண்ட்' பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. 1960-இல் தொடங்கிய 'தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் தொடரில், எருமைத் தொப்பி சங்கத்தின் தலைவருக்கு 'கிராண்ட் பூபா' என்று பெயர். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இந்தப் பட்டத்தைக் கொண்டுபோனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று இந்தப் பட்டத்தை இருவகை ஆட்களுக்குச் சூட்டுகிறார்கள்: பல நாற்காலிகளை ஒருவரே பிடித்துக்கொண்டிருப்பவர்; அதிகாரம் இல்லாமல் அலங்காரப் பட்டத்தோடு மட்டும் வலம் வருபவர். நண்பர்களுக்குள் விளையாட்டாகவும் சொல்லிக்கொள்வார்கள். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் பாராட்டு என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்!