நாடு மாறிய நான்கு ஊர்கள்

கேள்வி: லடாக்கில் சில மலைக்கிராமங்கள் ஒரே இரவில் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்கு வந்தனவாமே? (வாசகர், அடி அண்ணாமலை)

பதில்: வந்தது உண்மை, ‘ஒரே இரவு’ மிகை. 1971 டிசம்பர் போரில், மேஜர் சேவாங் ரிஞ்சன் தலைமையில் போன படை ஷியோக் பள்ளத்தாக்கில் சலுங்கா, துர்துக், த்யாக்‌ஷி, தாங் என ஒவ்வொன்றாகச் சில நாட்களில் பிடித்தது. பால்டி மொழி பேசும் முஸ்லிம்களின் ஊர்கள் இவை. படிக்கவோ பிழைக்கவோ பாகிஸ்தான் வசமுள்ள ஸ்கர்டு பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு மலையின் மறுபக்கம் கிரிவலம் போகிற தூரம்தான். இந்த ஊர்க்காரர்களுக்கோ எல்லைக்கு அப்பால் தொட்டடுத்த பால்டி ஊருக்கே, 2025இல் வாகா வழி மூடப்படும் வரை, பாஸ்போர்ட், விசா, வாகா வழியாக நெடும்பயணம் என்றிருந்தது! 2010இல் துர்துக் சுற்றுலாவுக்குத் திறந்தது. கோடையில் போனால் அங்கேயே விளைந்த ஆப்ரிகாட் கிடைக்கும்.