டிக்கெட்டில் ஒரு கணக்கு

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் பதினோராம் வகுப்பின் 'பெர்முட்டேஷன்' என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டைக் கையில் எடுங்கள். பாடம் அதிலேயே இருக்கிறது.

சென்னை சென்ட்ரலின் குறியீடு எம்.ஏ.எஸ். எழும்பூருக்கு எம்.எஸ். 1996-இல் மெட்ராஸ், சென்னை ஆன பிறகும் இவை மாறவில்லை.

முதலில் இரண்டெழுத்துக் குறியீடு. முதல் இடத்தில் 26 ஆங்கில எழுத்துகளில் எதுவும் வரலாம். வந்ததே மறுபடி வரலாமென்றால் இரண்டாம் இடத்துக்கும் 26; ஆக 26 × 26 = 676. வரக்கூடாதென்றால் மீதி 25தான்; 26 × 25 = 650. ஏன் கூட்டாமல் பெருக்குகிறோம்? ஒரு ஜங்ஷனில் 26 தடங்கள் பிரிந்து, ஒவ்வொரு தடமும் மேலும் 25 ஆகப் பிரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்துபோன 26 எவை? ஏ.ஏ., பி.பி. போன்ற இரட்டைகள். மகாராஷ்டிரத்திலுள்ள தவுண்ட் நிலையத்துக்கு டி.டி. என்பதே குறியீடு.

மூன்றெழுத்தானால் 17,576; திரும்ப வராவிட்டால் 26 × 25 × 24 = 15,600. நம் நாட்டு நிலையங்கள் சுமார் ஏழாயிரம்தான். கணக்குப்படி மூன்றெழுத்து தாராளம். ஆனாலும் புது டில்லிக்கு என்.டி.எல்.எஸ். என்று நான்கு! குறியீட்டைப் பார்த்ததும் ஊர் நினைவுக்கு வரவேண்டுமே; அதற்குக் கணிதம் மட்டும் போதாது.

எழுத்து குறைந்தால் குழப்பமும் கூடும். 1991-இல் டில்லிக்குக் கிளம்பிய என் தங்கை டிக்கெட்டைக் காட்டியபோது, அவசரத்தில் எம்.ஏ.எஸ். என்பதை எம்.எஸ். என்று படித்து, குடும்பத்தையே எழும்பூருக்கு அனுப்பிவிட்டேன். சென்ட்ரலில் வண்டி போய்விட்டது. ரயில்வே எஞ்சினியர் என்று இன்றுவரை கேலி செய்கிறாள்.

இனி, கொடுத்த எழுத்துகளையே இடம் மாற்றுவது. மதுரையின் எம்.டி.யு. மூன்றும் வெவ்வேறு; 3 × 2 × 1 = 6 வரிசைகள். ஹவுராவின் எச்.டபிள்யூ.எச். அப்படியல்ல. இரண்டு 'எச்'களில் ஒன்றைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் எழுதினால் 6 வரும். நிறத்தை அழித்துவிட்டால் இரண்டிரண்டு ஒன்றாகிவிடும்; 6 ÷ 2 = 3. காகிதத்தில் எழுதியே பார்த்துவிடுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

மும்பை சென்ட்ரலின் எம்.எம்.சி.டி.யை நீங்களே போடுங்கள். 24 வந்தால் நிறத்தை அழிக்க மறந்துவிட்டீர்கள். சரியான விடை 12.