கால்களுக்குக் கற்றுக்கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அங்கே கன்சாஸில் வால்சக்கர விமானத்தில் மாணவர்களைப் பழக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பாதி சந்தோஷம், பாதி கவலை. ஓட்டுவதற்கு நீ நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாய். ஓட்டக் கற்றுக்கொடுப்பது வேறு வேலை. அதை நான் தவறுகள் செய்துதான் கற்றேன். அந்தத் தவறுகளை நீயும் செய்ய வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம்.

வருகிற மாணவனை எடுத்த எடுப்பில் விமானத்தில் ஏற்றாதே. பக்கத்தில் நிற்க வைத்து, எடை எங்கே இருக்கிறது என்று காட்டு. மூக்குச்சக்கர விமானத்தில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. தரையில் கொஞ்சம் கோணினாலும் ஓடும் வேகமே அதை நேராக்கிவிடும். வால்சக்கர விமானத்தில் எடைமையம் அந்தச் சக்கரங்களுக்குப் பின்னால். வால் ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால், பின்னால் இருக்கிற எடை முன்னே முந்தப் பார்க்கும். கோணல் தானே கோணலை வளர்த்துக்கொள்ளும். விட்டுவிட்டால் விமானம் தட்டாமாலை சுற்றிவிடும். கிரவுண்ட் லூப் என்று நாம் சொல்வது இதைத்தான்.

சின்ன வயதில் ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில் நிறுத்திக்கொண்டு முற்றம் முழுக்க நடப்பாயே, நினைவிருக்கிறதா? கம்பு சாய்ந்த பிறகு கையை நகர்த்தினால் விழுந்துவிடும். சாய நினைக்கும்போதே நகர்த்த வேண்டும். நகர்த்தியதும் நிறுத்தவும் வேண்டும். மூக்கைத் திருப்பும் ரட்டர் பெடலும் அப்படித்தான். சின்ன மிதி, உடனே விடுதல், மறுபடி சின்ன மிதி. பெரிதாக மிதித்து அப்படியே வைத்திருப்பவன் அடுத்த பக்கம் சுற்றுவான்.

‘வலது காலை மிதி’ என்று சூத்திரம்போலச் சொல்லிக்கொடுக்காதே. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டைகர் மாத் விமானத்தில் பழகியவர். அதன் ஜிப்ஸி மேஜர் என்ஜின் வழக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் சுழலும்; ஓட்டத்தில் விமானம் வலப்பக்கம் இழுக்கும், இடது காலைத்தான் மிதிக்க வேண்டும். பிறகு நம் நாட்டிலேயே எச்.ஏ.எல். செய்த புஷ்பக் வந்தது. முதலில் பறந்தது 1958இல். பக்கம் பக்கமாக இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் என்ஜின். அது இடப்பக்கம் இழுக்கும். வால் தூக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். எந்தக் கால் என்று மனப்பாடம் செய்தவர்கள் விமானம் மாறியதும் தடுமாறினார்கள். மூக்கைப் பார்த்துக் காலை வைத்தவர்கள் தடுமாறவில்லை. ‘மூக்கு நேராக நிற்கட்டும், அதற்கு என்ன தேவையோ அதைச் செய்’ என்று மட்டும் சொல். கால் தானே கண்டுகொள்ளும்.

இப்போது என் முதல் தவறு. புதிதாக ஆசிரியரானபோது எனக்குப் பயம். மாணவன் இறங்கும்போதெல்லாம் என் கால்கள் பெடல் மேலேயே இருக்கும். விமானம் கொஞ்சம் நெளிந்தால் அவனுக்கு முன் நான் மிதித்துவிடுவேன். அவனுக்குத் தெரியாமல் மிதிக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. பையன் பிரமாதமாக இறக்குகிறான் என்று நானும் நம்பினேன், அவனும் நம்பினான். ஒருநாள் வேறோர் ஆசிரியர் அவனுடன் போனார். முதல் இறக்கத்திலேயே விமானம் பாதையை விட்டுப் புல்லுக்குள் போய் நின்றது. நல்ல வேளை, சேதமில்லை. அத்தனை நாளும் இறக்கியது என் கால்கள். அவன் கால்களுக்கு நான் ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை. அந்தப் பையன் முகம் வாடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. குற்றம் அவனுடையது அல்ல.

ஆகவே, பாப்பா, நெளியவிடு. நெளிவை அவன் பார்க்க வேண்டும், அவனே திருத்த வேண்டும். அப்போதுதான் அது அவன் காலில் இறங்கும். ஆனால் எவ்வளவு நெளியவிடலாம் என்ற எல்லையை ஓடுபாதையில் இருந்துகொண்டு யோசிக்காதே. புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துவிடு. நீயே திருத்திவிடக்கூடிய அளவு எதுவோ, அதற்குக் கொஞ்சம் உள்ளேதான் அந்த எல்லை. அது உன் திறமையைப் பொறுத்தது. மாணவனின் திறமையைப் பொறுத்தது அல்ல. உனக்கு உடம்பு சரியில்லாத நாளில், கன்சாஸ் சமவெளிக் காற்று குறுக்கே வீசுகிற நாளில், அந்த எல்லையைச் சுருக்கிக்கொள். எல்லை தாண்டினால் ‘என் கையில்’ என்று தெளிவாகச் சொல்லி வாங்கிக்கொள். பாதி பிடித்து, பாதி விடுகிற வேலை மட்டும் வேண்டாம். இரண்டு பேர் ஓட்டுகிற விமானத்தை யாருமே ஓட்டவில்லை.

உன் சிட்டாப்ரியா விமானத்தில் நீ பின்னிருக்கை. முன்னால் ஓடுபாதை உனக்குச் சரியாகத் தெரியாது. தெரிவது அவன் முதுகுதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள். தோள் காதுவரை ஏறியிருந்தால் ஸ்டிக்கை நெரித்துக்கொண்டிருக்கிறான். கை இறுகினால் காலும் இறுகும். அப்போது இறங்க விடாதே. திராட்டிலைக் கொடுக்கச் சொல்லி இன்னொரு சுற்று சுற்றவை. கால் விரல்களை அசைத்துப் பார்க்கச் சொல். இரண்டு சுற்றில் தோள் இறங்கும்.

உன் மாணவர்களில் பலர் உன்னைவிட வயதில் மூத்தவர்களாக இருப்பார்கள். மூக்குச்சக்கரம் கொண்ட செஸ்னா 172இல் ஆயிரம் மணி நேரம் பறந்திருப்பார்கள். அவர்கள் கைகளுக்கு எல்லாம் தெரியும். கால்கள் மட்டும் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த அனுபவத்துக்குரிய மரியாதையைக் குறைவில்லாமல் கொடு. ஆனால் கையெழுத்தைக் கடனாகக் கொடுக்காதே. 1991 ஏப்ரல் 15க்கு முன்பே வால்சக்கர விமானத்தில் பொறுப்பு விமானியாகப் பறந்தவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஆசிரியரின் கையெழுத்து வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. எதையெதைக் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது: சாதாரணக் காற்றிலும் குறுக்குக் காற்றிலும் ஏறி இறங்குவது, தயாரித்த நிறுவனம் வேண்டாமென்று சொல்லாத விமானங்களில் பிரதான சக்கரங்களால் மட்டும் இறங்குவது, இறங்காமல் மறுபடி மேலேறுவது. இத்தனை மணி நேரம் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவை உன் மனசாட்சியிடம் விட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து மணி நேரம் போதும், இன்னொருவருக்குப் பதினைந்து ஆகும். குறுக்குக் காற்று இல்லாத வாரத்தில் முடித்துக்கொண்டு போக நினைப்பவரிடம், ‘காற்று வரட்டும் ஐயா, காத்திருப்போம்’ என்று சொல்லும் துணிவு உனக்கு வேண்டும்.

பிரதான சக்கரங்களால் மட்டும் இறங்கும்போது அவர்கள் துள்ளுவார்கள். காரணத்தைச் சொல்லிவிடு. வேகமாகக் கீழிறங்கித் தரையைத் தொட்டால் சக்கரம் அதற்குமேல் இறங்காது, பின்னால் இருக்கிற எடை மட்டும் இன்னும் கீழே இறங்கும், வால் தாழும், இறக்கையின் கோணம் கூடும், விமானம் மறுபடி மேலே போகும். பதறி ஸ்டிக்கை முன்னே தள்ளினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாக இருக்கும். மென்மையாகத் தொட்ட பிறகுதான் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னே கொடுக்க வேண்டும். பெரிய துள்ளலுக்கு ஒரே மருந்து, முழு விசை கொடுத்து மேலேறிவிடுவதுதான்.

என் இரண்டாவது தவறு முதல் தவறைவிடப் பெரியது. ஒரு மாணவன் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும்படி பூப்போல இறக்கினான். எனக்கு மனம் நிறைந்து ‘சபாஷ்’ என்று தொடையில் தட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். வேகம் குறைந்துகொண்டிருந்தது. வேகம் குறையக் குறைய ரட்டரின் மேல் ஓடும் காற்று குறையும், அதன் பிடியும் குறையும். பக்கவாட்டில் வீசுகிற காற்று மட்டும் குறையாது. ஒரு மனிதன் ஓடுகிற வேகம்தான் மீதி இருந்தது. அந்த நேரத்தில் விமானம் இடப்பக்கம் சுற்றி, வலது இறக்கை நுனி தரையில் உரசித் துணி கிழிந்தது. அவன் கால்களைத் தளர்த்தியது என் பாராட்டு. அன்றிலிருந்து, விமானம் நின்று, என்ஜின் அணைந்து, சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்வரை நான் யாரையும் பாராட்டியதில்லை. நீயும் பாராட்டாதே. கட்டை வைத்த பிறகு தாராளமாகப் பாராட்டு. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கார்னீலியா ஃபோர்ட் என்ற பெண்ணைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? 22 வயது ஆசிரியை. 1941 டிசம்பர் 7 காலை ஹொனலூலுவில் இன்டர்ஸ்டேட் கேடெட் என்ற சிறிய வால்சக்கர விமானத்தில் மாணவருக்கு இறங்கப் பழக்கிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு போர்விமானம் நேராக வந்தது. கணத்தில் கட்டுப்பாட்டைப் பிடுங்கி, முழு விசை கொடுத்து அதற்கு மேலாகத் தாண்டினார். அதன் இறக்கையில் சிவப்பு வட்டம் இருந்ததைப் பிறகுதான் பார்த்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் தொடங்கியிருந்தது. பத்திரமாக இறங்கி மாணவரைக் காப்பாற்றினார். 1943 மார்ச்சில், இராணுவ விமானங்களைக் கொண்டுசேர்க்கும் பணியில் இருந்தபோது, வானில் நேர்ந்த மோதலில் இறந்துபோனார். அவரை நான் நினைப்பது துணிச்சலுக்காக மட்டுமல்ல. மாணவர் ஓட்டிக்கொண்டிருந்தார், ஆசிரியை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுத்த கை, விடாத கண். நம் தொழில் முழுக்க இதில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒருநாள் உன் மாணவன் யாரோ முதன்முறையாகத் தனியே பறக்கத் தயாராவான். நீ இறங்கிக்கொண்டதும் விமானம் லேசாகிவிடும், சீக்கிரம் எழும்பும், இறங்கும்போது கொஞ்சம் மிதக்கும் என்று முன்பே சொல்லிவிடு; இல்லாவிட்டால் பயந்துவிடுவான். உன் இருக்கைப் பட்டையைக் கட்டி வைத்துவிட்டு இறங்கு. ரேடியோவில் ஒரு வார்த்தையும் பேசாதே. ஓடுபாதை ஓரத்துப் புல்லில் போய் நில். அவன் தரையைத் தொடும்போது உன் பாதங்கள் ஷூவுக்குள் தானாக அசையும். எனக்கு 40 வருடம் அசைந்தது. அசையட்டும். அவன் விமானத்தை அவன் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

வேளைக்குச் சாப்பிடு. அடிக்கடி எழுது.

அன்புடன்,
பெரியப்பா