எந்த விமானம் என்று முதலில் சொல்



தம்பி, ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்த அந்தக் கான்ஸ்டலேஷனின் வளைந்த உடலையும் மூன்று வால்களையும் நன்றாக ரசித்திருக்கிறாய். 1950 நவம்பர் 3 அன்று அது மோன் பிளாங்க் மலையில் மோதி 48 பேர் இறந்ததையும் சரியாகச் சொல்லியிருக்கிறாய். ஆனால் சொன்ன கையோடு, 2013இல் அங்கே பனியாற்றில் கிடைத்த நகைப்பெட்டியையும் அதன் கணக்கிலேயே எழுதிவிட்டாய். அங்கேதான் எனக்கு ஆட்சேபம்.

அதே மலையில் 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் ‘காஞ்சன்ஜங்கா’வும் மோதியது. அது போயிங் 707. இறந்த 117 பேரில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். இரண்டுமே ஜெனீவாவில் இறங்க வந்தவை. மோதிய இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போஸன் பனியாறு இரண்டின் சிதைவுகளையும் வருஷக்கணக்கில் மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறது. எது எதனுடையது என்று அது சீட்டு ஒட்டித் தருவதில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கான்ஸ்டலேஷனுக்கு நான்கு பிஸ்டன் இன்ஜின்கள். அந்த 707க்கு ரோல்ஸ் ராய்ஸ் கான்வே ஜெட் இன்ஜின்கள். புரொப்பெல்லர் துண்டோ சிலிண்டரோ கிடைத்தால் 1950. ஜெட் இன்ஜினின் பாகம் கிடைத்தால் 1966. 2020இல் வெளிப்பட்ட செய்தித்தாள்கள் இன்னும் சுலபம்: இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தி அவற்றில் இருந்தது. நகைப்பெட்டியில் தேதி எதுவும் இல்லை. 707இலிருந்து வந்ததாகவே கருதுகிறார்கள். நீயும் ‘கருதுகிறார்கள்’ என்றே எழுது, அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

அடுத்து காஞ்சன்ஜங்காவைத் தொடப்போவதாகச் சொல்கிறாய். பாபாவின் பெயர் வந்ததுமே சதிக்கதைகள் வரிசைகட்டி வந்து நிற்கும். விசாரணையின் முடிவை முதலில் படி. திசைகாட்டும் ரேடியோ வாங்கிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. ரேடாரில் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர், அது மலைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொன்னார். அது விமானிக்கு வேறு மாதிரி புரிந்தது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணித் தொடர்ந்து இறங்கினார். எந்த உளவுக் கதையையும்விட எனக்கு இதுதான் அதிகம் அச்சமூட்டுகிறது.

உயிரோடு இருக்கும் பழைய விமானங்களிலும் இதே கவனம் வேண்டும். வாலில் பெயின்ட் அடித்த எண்ணை நம்பி முடிவுக்கு வராதே. இந்திய விமானப்படையின் டகோட்டா ‘பரசுராமா’ தாங்கியிருப்பது விபி 905 என்ற எண். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைவீரர்களோடு ஸ்ரீநகருக்குப் போன டகோட்டாவின் எண் அது. அதன் நினைவாகவே இதற்குச் சூட்டினார்கள். இந்த விமானமோ பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2018இல் படைக்குப் பரிசாக வந்தது. ஆகவே, ‘ஸ்ரீநகரில் இறங்கியது இதுதான்’ என்று படத்துக்குக் கீழே போட்டால் அது தப்பு. கம்பெனி மூடும், விமானம் கைமாறும், தேசம் மாறினால் பதிவெண்ணும் மாறும். தொழிற்சாலையில் தந்த தயாரிப்பு எண் மட்டும் கடைசிவரை கூடவே வரும். உன் குறிப்பேட்டில் அதைத்தான் முதல் பத்தியில் எழுத வேண்டும்; நிறுவனத்தின் பெயர், நிறம், சின்னம் எல்லாம் பிறகு. (விமான ரசிகர்களில் பாதிப்பேர் சின்னத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதே, நேரம் வீண்.)

ஒரு வேலை தருகிறேன். 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிய டாடாவின் தபால் சேவையின் முதல் விமானத்தை ஜே.ஆர்.டி. டாடாவே சென்னைவரை ஓட்டிவந்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். அவர் ஓட்டியது கராச்சியிலிருந்து பம்பாய்வரை. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். விமானம் புஸ் மாத். 1982இல் டாடா அந்தக் கராச்சிப் பயணத்தை மறுபடி நடத்தியபோது ஓட்டியது லெபர்ட் மாத், படங்களைக் கலந்துவிடாதே. நீ சென்னையில் இருக்கிறாய், கன்னிமாரா நூலகம் எழும்பூரில் இருக்கிறது. 1932 அக்டோபர் நாளிதழ்களைத் தேடிப் படித்து, வின்சென்ட் இங்கே வந்திறங்கிய கதையை எழுதி அனுப்பு.