மொறிஸ் மைனருக்குப் பெரிய சில்லு: மாட்டும் முன் அளக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "பெரிய அலோய் சில்லு போடலாமோ?" என்பதுதான். ஆசை நியாயமானது. காங்கேசன்துறை வீதியும் பருத்தித்துறை வீதியும் காப்பெற் வீதிகளாகிவிட்டன. மைனருடன் வந்த ஒடுக்கமான ரயர் இப்போது கடைகளில் தேடினாலும் எளிதில் அகப்படாது. ஜப்பான் கார்களில் இருந்து கழற்றிய அழகான றிம்களோ கண்ணெதிரே அடுக்கிக் கிடக்கின்றன. என்னுடைய மைனர் 1000க்குச் சில்லு மாற்றி ஓடியதிலும், நண்பர்களின் கார்களுக்குக் கூடநின்று மாற்றிக் கொடுத்ததிலும் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கார்கள் எங்களுக்கு வெறும் பழைய வாகனங்கள் அல்ல. தொண்ணூறுகளில் வடக்குக்குப் பெற்றோல் வராமல் தடுக்கப்பட்டபோது, காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவை மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் கேம்பிறிட்ஜும்தான். நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை இவை. மைனர் செய்வது எழுபதுகளின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஒன்று கெட்டால் இன்னொன்று புதிதாக வராது. அதனால் எந்த மாற்றமும் காரைக் கெடுக்காததாக, விரும்பினால் திருப்பிக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் விதி.

14 அங்குலம் ஏன் வந்தது

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது அறிமுகமானபோது அதற்கு முந்திய மொறிஸ் எயிற் 17 அங்குலச் சில்லில் ஓடிக்கொண்டிருந்தது. இசிகோனிஸ் 14 அங்குலத்துக்கு இறங்கினார். சில்லு சிறியதானால் பாரம் குறையும், காருக்குள் இடம் கூடும், கார் நிலத்தோடு பதிந்து வளைவில் உறுதியாக நிற்கும். மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தோன்றியதால் அதை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார், அதுவும் உறுதியைக் கூட்டியது. பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த அகட்டலின் அடையாளம். ஆகவே மைனரில் சில்லின் உயரம் தற்செயலாக வந்த அளவல்ல. கியர், வேகமானி, பிறேக், மட்காட் எல்லாம் அந்த உயரத்தை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

முதலில் ரயரின் முழு உயரம்

றிம் வாங்குமுன் ரயரைக் கணக்குப் பாருங்கள். ரயரில் எழுதியிருக்கும் அகலத்தைப் பக்க வீதத்தால் பெருக்கி, இரட்டித்து, றிம்மின் விட்டத்தைக் கூட்டினால் முழு உயரம் வரும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர்.

மைனருக்கு வழக்கமாகப் போடும் றேடியல்கள் இரண்டு. 145/80 ஆர் 14 ஏறத்தாழ 588 மில்லிமீற்றர், 155/80 ஆர் 14 ஏறத்தாழ 604. இந்த இரண்டுக்கும் இடையிலோ அவற்றை ஒட்டியோ நிற்கும் எதுவும் காரின் கணக்கைக் குழப்பாது. 165/70 ஆர் 14 போட்டால் 587. 15 அங்குல றிம்மில் 165/65 போட்டால் 595. ஆனால் 195/65 ஆர் 15 போட்டால் 634க்குப் போய்விடும். 155 ரயரோடு ஒப்பிட்டால் அது 5 வீதம் அதிகம். வேகமானி 60 காட்டும்போது கார் 63இல் போகும். அதைவிடப் பெரிய தொல்லை இழுவையில் வரும். 1098 சிசி மைனரின் எஞ்சின் 48 குதிரைவலு, அதற்கு முந்திய 948 சிசி 37. ஐந்துபேர் ஏறினால், உயரமான சில்லைச் சுழற்ற எஞ்சின் திணறும், கிளச்சும் தேயும்.

1.6 மில்லிமீற்றர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் இதை வையுங்கள். மைனரின் நான்கு போல்ட்டுகளும் 4 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. அதாவது 101.6 மில்லிமீற்றர். எங்கள் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான நான்கு ஓட்டை ஜப்பான் றிம்களின் வட்டம் 100. எதிரெதிரான இரண்டு போல்ட்டுகளில், ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்புவரை அளந்தால் அந்த வட்டத்தின் விட்டம் சரியாக வரும்.

100 றிம்மை மைனரில் வைத்தால் உள்ளே போகும், நட்டும் இறுகும். அதனால்தான் ஆபத்து. ஒவ்வொரு போல்ட்டும் 0.8 மில்லிமீற்றர் உள்நோக்கி வளைந்தபடி நிற்கிறது. நட்டின் கூம்பு றிம்மின் குழியில் முழுதாக உட்காருவதில்லை. சில்லு சுற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த வளைவு போல்ட்டை வேலை வாங்கும். நாளடைவில் நட்டுத் தளரும், அல்லது போல்ட் முறியும். கொக்குவிலில் ஒரு மூத்த மெக்கானிக் இதை ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, நட்டு இறுகுதெண்டு சில்லு இருந்திட்டுதெண்டு நினையாதை."

பணமும் வசதியும் உள்ள இடங்களிலும் இதே பொறிதான். மெல்பேர்ணில் என் மச்சானிடம் 1970களின் ஹோல்டன் எச்.கியூ. ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியர்கள் கொண்டாடும் பெரிய எஞ்சின் கார் வரிசையைச் சேர்ந்தது. அதன் ஐந்து போல்ட் வட்டம் 120.65 மில்லிமீற்றர். பிற்காலத்து ஹோல்டன் கொமடோர்களில் அது 120. கொமடோர் சில்லுகள் அங்கே மலிவு என்பதால் அவற்றை எச்.கியூ.வில் ஏற்ற ஆசைப்படுபவர்கள் ஏராளம். வித்தியாசம் எங்களுடையதைவிடக் குறைவு. ஆனாலும் மச்சான் தன் வட்டத்துக்கென்றே செய்த றிம்தான் வாங்கினான். எம்.ஜி. மிட்ஜெற், பழைய மினி ஆகியவற்றிலும் எங்கள் 101.6 வட்டம்தான் என்பதால் இங்கிலாந்தில் இந்த அளவுக்கு அலோய் றிம்கள் இன்றும் செய்கிறார்கள். அவற்றில் மைனருக்கென்று விற்கும் 14 அங்குலத்தையே தேர்ந்தெடுங்கள். லண்டனில் உறவினர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. சாமான் அனுப்பும்போது கேளுங்கள்.

நட்டும் இறுக்கமும்

மைனரின் போல்ட் எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. இப்போதைய கார்களின் 12 மில்லிமீற்றர் நட்டு இதற்குப் பொருந்தாது. அலோய் றிம் தடிப்பானது. பழைய நட்டால் புரியை ஆழமாகப் பிடிக்க முடியாமல் போகலாம். கையால் பூட்டும்போது சுற்றை எண்ணுங்கள். ஒன்பது முழுச்சுற்றாவது போக வேண்டும். போகாவிட்டால் நீளமான போல்ட்டுப் போடாமல் காரை வீதியில் இறக்க வேண்டாம்.

ரயர்க் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள். அது ஜப்பான் காரின் தடித்த போல்ட்டுக்குப் பழகியது, எங்கள் போல்ட்டை இழுத்து நீட்டிவிடும். கையால், குறுக்குக் குறுக்காக, ஏறத்தாழ 45 இறாத்தல்-அடி போதும். பிறகு ஆனையிறவுவரை ஓடிப் பார்த்து, சூடு ஆறியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். புது அலோய் அந்த முதல் ஓட்டத்தில்தான் இருப்புக் கொள்ளும்.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

முன்சில்லு இழுவைக் கார்களின் றிம்மில், போல்ட் பூட்டும் முகம் வெளிப்பக்கத்தை ஒட்டி இருக்கும். உடம்பு முழுவதும் உள்ளே போகும். மைனரில் அப்படிப் போனால் முன்னால் ஸ்டியரிங் கையிலும் பின்னால் வில்லுத் தகட்டிலும் உரசும். இடையில் தடித்த தட்டு வைத்து வெளியே தள்ளினால் மட்காட்டில் உரசும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

நான்கையும் வாங்குமுன் ஒன்றைக் கடன் கேட்டு மாட்டிப் பாருங்கள். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரண்டு கரைக்கும் முழுதாகத் திருப்புங்கள். பின்பக்கம் மூன்றுபேரை இருத்திப் பாருங்கள். பிறகு காரை ஜாக்கில் தூக்கி, அந்தச் சில்லு மட்காட்டுக்குள்ளிருந்து கழன்று வருகிறதா என்றும் பாருங்கள். மைனரின் பின் மட்காட் ஆழமானது. அகலமான ரயர் உள்ளே போனபின் வெளியே வர மறுக்கும். மழைக்காலத்தில் ஓர் ஒழுங்கைக்குள் காற்றுப் போனால் அந்த வேதனை தெரியும். மாற்றுச் சில்லு வைக்கும் இடமும் டிக்கியின் அடியில் ஒடுக்கமானது, அதையும் அளந்து பாருங்கள். நான் பார்த்த கார்களில் 165 அகலம் தொல்லையில்லாமல் போயிருக்கிறது. 175 காருக்குக் கார் வேறுபடும். 185ஐ நான் யாருக்கும் சொல்வதில்லை.

சில்லுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு

மைனரின் உண்மையான பலவீனம் முன்பக்கத்துக் கீழ் முளையில் இருக்கிறது. அது புரியில் திரும்பும் உறுப்பு. கிறீஸ் வற்றினால் புரி தேயும். தேய்ந்தால் ஒருநாள் முன்சில்லு அப்படியே மடிந்து விழும். அகலமான சில்லு அந்தப் புரிக்கு மேலும் பாரம் ஏற்றும். ஆகவே கீழ் முளை, பேரிங், பிறேக் றம், நெம்புகோல் வகை ஷொக் அப்சோபர் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று உறுதியான பின்னரே றிம்முக்குக் காசு செலவழியுங்கள். நான் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கிறேன்.

ரயர் வாங்கும்போது பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. எங்கள் கார்கள் குறைவாக ஓடுவதால் ரயர் தேய்வதற்குமுன் வெயிலில் முதிர்ந்துவிடும். பூ நிறைய இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய இரும்பு றிம்மையே வைத்திருப்பவர்கள் ரியூப் போட்டே ஓடுங்கள்.

உப்புக்காற்றையும் மறக்கக்கூடாது. ஊர்காவற்றுறைப் பக்கமோ காரைநகர்ப் பக்கமோ கடல்வழித் தாம்போதியில் அடிக்கடி போகும் காரில், அலோயும் இரும்பும் தொடும் இடம் அரித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஹப்பின் முகத்தைச் சுத்தமாக்கி மெல்லிய கிறீஸ் பூசுங்கள். நட்டின் கூம்பில் மட்டும் படக்கூடாது.

என் காரில் இப்போது

14 அங்குலத்திலேயே, ஐந்தரை அங்குல அகலமான அலோயும் 165/70 ரயரும் போட்டிருக்கிறேன். உயரம் 145 றேடியலின் உயரமேதான், அகலம் மட்டும் கூடியிருக்கிறது. மழையில் பிறேக் பிடித்தால் கார் நேராக நிற்கிறது. ஏ9 வீதியில் லொறி கடக்கும்போது முன்போல் அலைவதில்லை. பட்டினத்துக்குள் பின்னெடுக்கும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கிறது. ஒழுங்கையின் கல்லும் முன்பைவிடச் சற்று அதிகமாக உறைக்கிறது. முன்னுக்கு 26, பின்னுக்கு 28 இறாத்தல் காற்று எனக்குச் சரியாக இருக்கிறது.

பழைய இரும்புச் சில்லுகள் ஐந்தையும் துருவெடுத்து, நிறம் பூசி, தொப்பிகளோடு வைத்திருக்கிறேன். நீங்களும் விற்காதீர்கள். மட்காட்டை வெட்டியோ ஹப்பில் புது ஓட்டை துளைத்தோ பெரிய சில்லு ஏற்றிய கார் பிறகு பழையபடி ஆகாது. அளந்து மாட்டிய காரையோ, அடுத்து வைத்திருக்கப் போகும் பிள்ளை ஒரு பின்னேரத்துக்குள் பழையபடி ஆக்கலாம். உங்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளையும் விரும்பியபடி ஓட்ட இடம் வைத்து மாற்றுங்கள்.